தொட்டிலில் வைத்த சந்தனம்

சித்தியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா இன்றைக்கும் ஒன்று சொல்வாள்: "அவளுக்குப் பிடிவாதம் மட்டும் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா..." அதற்கு மேல் அந்த வாக்கியம் நகராது. அம்மாவுக்குக் குறையாகத் தெரிகிற அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக அதைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. அது தோற்றுப்போனதற்குக் காரணமும் நான்தான். இதை அம்மாவிடம் சொன்னதில்லை.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஓர் ஆடி மாதம் பெட்டி படுக்கையோடு ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் அதற்கு முன்பே போய்விட்டதால், எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. லாரி பார்சலில் அவளுடைய கம்ப்யூட்டர் வந்தது. தோள்பையில் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டரும் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு பிளாஸ்டிக் குச்சியால் அதன் முகத்தில் எழுதலாம் என்றாள். ஆனால் எழுத முடியவில்லை. ஆரப்பாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் ஏறுகிற கூட்டம் இடித்ததில் தோள்பை கீழே விழுந்து, அதன் கண்ணாடித் திரை உடைந்து, உள்ளே கறுப்பு மை கொட்டியது போல ஆகிவிட்டது. உயிர் இருந்தது, முகம்தான் போய்விட்டது.

அதை உட்கார வைக்க ஒரு சின்னத் தாங்கி இருந்தது. அதற்குத் தொட்டில் என்று பெயராம். அடியில் வரிசையாகப் பித்தளை நிறத்தில் பொடிப் பற்கள், முன்னால் ஒரு பொத்தான், பின்னால் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர். பொத்தானை அமுக்கினால் குட்டிக்குள் இருப்பதெல்லாம் பெரியதற்கு வந்துவிடும். முகம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. இப்படித்தான் சித்தி எனக்கு விளக்கினாள். ஆனால் அதற்குத் தோதான மென்பொருள் விண்டோஸ் இருக்கிற கம்ப்யூட்டருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அது இருந்த சிடி தட்டும் பெங்களூரில் எங்கோ தொலைந்துவிட்டது. சித்தியின் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக இருந்ததோ லினக்ஸ். யுனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளை. அதற்கும் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் உலகத்தின் நாலு மூலையிலும் உட்கார்ந்து ஒரு மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு விஷயம், அதைத் துண்டு துண்டாக இறக்கி, வீடு கட்டுவது போல நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு லேத் பட்டறை. எதையும் தொட்டுப் பார்த்து நம்புகிறவர். "ஓசியில குடுக்குறவன் என்னத்துக்கும்மா இம்புட்டு வேலை வாங்குறான்?" என்று கேட்டார். சித்தி சிரித்தாள்.

சனிக்கிழமைதோறும் நானும் சித்தியும் பஸ் ஏறி, காளவாசலில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவோம். அம்மாவின் முறுக்கு டப்பாதான் ஃப்ளாப்பிகளைக் கொண்டுபோகும் பெட்டி. இணையத்திலிருந்து இறக்கியதை ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து கட்ட ஆரம்பித்தால், இன்னொன்று வேண்டும் என்று அது நின்றுவிடும். அடுத்த சனிக்கிழமை அந்த இன்னொன்றைக் கொண்டுவந்தால், அது வேறொன்றைக் கேட்கும். கல்யாணத்துக்கு மாமனைக் கூப்பிட்டால் சம்பந்தி வந்தால்தான் வருவேன் என்பதும், சம்பந்தியைக் கூப்பிட்டால் அவர் மைத்துனரைக் கை காட்டுவதும் நம் வீடுகளில் இருப்பதுதானே. சென்டர்க்காரர், "அக்கா, பேசாம விண்டோஸ் போட்டுருங்கக்கா. தட்டு தேடிப் பிடிச்சுத் தாரேன், அஞ்சு நிமிசம்" என்றார். "என்கிட்ட இருக்கிறது வேலை செய்யும்ணே, எனக்குத்தான் இன்னும் செய்யத் தெரியல" என்றாள் சித்தி. அம்மா சொல்லும் பிடிவாதம் இதுதான்.

எனக்கு அது பொற்காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக்குள்ளிருந்து விசைப்பலகைச் சத்தம் கேட்கும். நான் முகம் கழுவி வரும்வரை காத்திருந்து, நான்கு ஆங்கில எழுத்தைத் தட்டி என்டர் அடிக்கும் உரிமையை எனக்குத் தருவாள். தட்டியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று மேலே ஏறும். நான்தான் அதைக் கட்டுகிறேன் என்று நம்பினேன். ராத்திரி ஒரே பாயில் படுத்துக்கொள்வோம். அவள் தலையில் மருக்கொழுந்து வாசம் இருக்கும். இவள் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வயதில் வேறு வேண்டுதலே இல்லை.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது, ஆரப்பாளையத்தில் ஆனையூர் பஸ்ஸுக்காக நின்றபடி கடலை தின்றுகொண்டிருந்தோம். அந்தக் குட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"என்கூட வேலை பார்த்த ஒருத்தவங்க வெளிநாடு போறப்ப, ரயில்வே ஸ்டேஷன்ல வச்சு அவுங்க கையால எழுதிக் குடுத்தது பாப்பா. அட்ரஸு, போன் நம்பரு, இன்னும் கொஞ்சம். கம்பெனியோட சேர்ந்து மெயிலும் மூடிப்போச்சு. இதை விட்டா எனக்கு வேற வழியில்ல."

"அந்த அக்கா பேரு என்ன?" என்று கேட்டேன். சித்தி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னொரு பொட்டலம் கடலை வாங்கினாள்.

ஆவணியில் தேனியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். உரக்கடை வைத்திருந்த மாப்பிள்ளை. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அம்மாவுக்கு அதைவிடப் பிடித்துவிட்டது. அடுக்களையில் தினமும் அதே பேச்சு. சித்தி ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னாள்: "இந்த வேலை முடியட்டும்க்கா. முடிச்சுட்டுச் சொல்றேன்."

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் அது நடந்தது. சித்தி பொத்தானை அமுக்கினாள். முதன்முறையாகத் திரையில் குட்டியிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. அடுத்த நொடியே இன்னும் ஒரு துண்டு வேண்டும் என்று முனகிவிட்டு நின்றுபோனது. ஆனாலும் பதில் வந்துவிட்டதே! சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்டி. சனிக்கிழமை இறக்கிட்டா முடிஞ்சது சோலி."

மறுநாள் பூஜை. வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. பட்டறையில் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். லேத்துக்குப் பொட்டு வைக்கும்போது மேல்மூடியில் ஒப்புக்கு வைக்க விடமாட்டார். எந்த இடத்தில் வேலை நடக்கிறதோ அந்த இடத்தில் வைக்க வேண்டும். அதன்படி தையல் மெஷினுக்கு ஊசிக்குப் பக்கத்தில் வைத்தேன், மிக்ஸிக்கு ஜார் உட்காரும் இடத்தில் வைத்தேன். தொட்டிலுக்கு வந்தபோது யோசித்தேன். வேலை நடப்பது அந்தப் பித்தளைப் பற்களில் அல்லவா? குட்டியைத் தூக்கிவிட்டு, விரல் நிறையச் சந்தனம் எடுத்துப் பற்களின் மேல் அப்பி, குங்குமமும் வைத்து, குட்டியைத் திரும்ப உட்கார வைத்தேன். அன்று முழுக்க யாரும் எதையும் தொடக் கூடாது என்று அம்மா உத்தரவு. நன்றாகக் காய்ந்திருக்கும்.

சனிக்கிழமை கடைசித் துண்டும் வந்தது. எந்தக் குறையும் சொல்லாமல் மென்பொருள் முழுசாகக் கட்டி முடிந்தது. சித்தி பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. திரும்ப அமுக்கினாள். குட்டியிடமிருந்து அந்த ஒற்றை வரிகூட வரவில்லை. பிழை எழுத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிற படிப்பு அவளுடையது. கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டினாள். பழைய துண்டைப் போட்டுப் பார்த்தாள், புதிய துண்டைப் போட்டுப் பார்த்தாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் தொட்டிலுக்குள் குனிந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டரும் ஒரு மெஷின்தான் என்று அப்பா சொல்வதை அவள் எப்போதும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

பார்த்தவள் நான். இரண்டு நாள் கழித்து மேசை துடைக்கும்போது குட்டியை எடுத்தேன். பற்களே தெரியாமல் மஞ்சளாக இறுகியிருந்தது. நான் லேத்துக்காரர் மகள், அழுக்குப் பிடித்தால் எதுவும் ஓடாது என்று எனக்குத் தெரியும். நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். ஒரு பல் வெளியே வந்திருக்கும், அப்போது அடுக்களையில் அம்மா அப்பாவிடம் சொல்வது கேட்டது: "வேலை முடிஞ்சதும் சொல்றேன்னுருக்கா. இன்னும் ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். தேனிக்காரவுக தை மாசமே வச்சுக்கலாம்னு சொல்றாக."

என் விரல் நின்றுவிட்டது.

வேலை முடிந்தால் சித்தி போய்விடுவாள், முடியாவிட்டால் இருப்பாள். இதைவிட எளிய கணக்கு எனக்கு அதுவரை பள்ளிக்கூடத்தில்கூட வந்ததில்லை. குட்டியைத் திரும்ப வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாமி கும்பிடும்போது, சுரண்டிய பல்லின் மேல் கொஞ்சம் புதுச் சந்தனம் வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் சந்தனக் கிண்ணத்தோடு அலைகிற பெண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வைத்தேன். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சித்தி போகக் கூடாது என்றும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

சித்தி மெலிந்துபோனாள். சாப்பிடக் கூப்பிட்டால் "வாரேன்" என்ற சத்தம் மட்டும் வரும். ஒரு நாள் என்னிடம் சொன்னாள், "சார்ஜ் இறங்கிட்டா உள்ள இருக்கிறது அம்புட்டும் அழிஞ்சிரும் பாப்பா. நல்லவேளை, தொட்டில்ல இருக்கிறவரைக்கும் அதுக்குச் சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கும்." எனக்கும் நிம்மதியாக இருந்தது. கரண்டு பின்னால் இருக்கும் ஒயரில் வருகிறது, பற்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கும், சித்தியும் இருப்பாள், யாருக்கும் நஷ்டமில்லை.

தீபாவளி முடிந்து ஒரு சாயங்காலம். சித்தி குட்டியைக் கையில் எடுத்துச் சும்மா திருப்பிப் பார்த்தாள். அதன் அடியில் மஞ்சள் ஒட்டியிருந்தது. தொட்டிலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். பிறகு, "பாப்பா, உன் ரப்பரைக் குடு" என்றாள். என் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பல்லாகப் பொறுமையாகத் தேய்த்தாள். பல் துலக்கிவிடுவது போல அவ்வளவு மெதுவாக. குட்டியை உட்கார வைத்து, ஒரு மணி நேரம் அதன் எதிரிலேயே கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பிறகு பொத்தானை அமுக்கினாள்.

வந்தது! எழுத்துகள் வரிசையாக வந்தன. ஒரு குறை இல்லை, ஒரு தடங்கல் இல்லை. அவள் கட்டியது முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. திரையில் வந்ததை நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். முகவரிகள், பூஜ்யம். குறிப்புகள், பூஜ்யம். வேலை முடிந்தது.

"வந்துருச்சு சித்தி!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான், ஐயோ முடிந்துவிட்டதே என்று அழுகை வந்தது.

சித்தி என் தலையில் கை வைத்தாள். "ஆமா. முடிஞ்சிருச்சு" என்றாள். ரப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பக்கம் முழுக்க மஞ்சள். "இதை ஸ்கூலுக்குக் கொண்டுபோகாத, நோட்டெல்லாம் கறையாயிரும். வேற வாங்கித் தாரேன்." ஏன் அங்கே சந்தனம் வைத்தாய் என்று அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனாள். "அக்கா, தேனிக்குச் சரின்னு சொல்லிரு" என்பது காதில் விழுந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சித்தப்பா நல்ல மனிதர். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதனால் யாரைக் கோபித்துக்கொள்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரைச் சித்தி எனக்கே விட்டுவிட்டுப் போனாள். இன்று எனக்கும் அதுதான் பிழைப்பு. கரண்டும் அந்தப் பற்கள் வழியாகத்தான் குட்டிக்குப் போகும், சந்தனம் அதை மறித்ததில் சார்ஜ் இறங்கி உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது என்பது இந்தப் பிழைப்புக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தினமும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்காவது மருக்கொழுந்து வாசம் வந்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. போனில் சித்தி கடை வியாபாரத்தைப் பற்றி, பிள்ளைகள் படிப்பைப் பற்றியெல்லாம் பேசுவாள். கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் கேட்கமாட்டாள்.

முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் அவள் கடைசிவரை சொன்னாள். என்ன சொல்லப்போகிறாள் என்பதை அவள் சொல்லவில்லை. சரி என்றுதான் சொல்வாள் என்று அம்மா நினைத்தாள், அப்பா நினைத்தார், நானும் நினைத்தேன். அந்த முகவரி கைக்கு வந்திருந்தால் அவள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள் என்பது, வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் வைத்து அவளைக் கட்டிப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போது தெரியவில்லை.