கொத்திவிட்ட படிகள்

வாடிப்பட்டிப் பக்கத்து ஊருணியில் ஒரு கல்தச்சரைப் பார்த்தேன். நரைத்த மார்பு, உளி பிடித்துக் காய்த்த விரல்கள். தேங்காய் நாரால் படியில் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தினமும் தேய்ப்பாராம்.

“மறுபடியும் பிடிக்கத்தானேண்ணே செய்யும்?” என்றேன்.

“வழுவழுன்னு இருந்தப்ப இம்புட்டுப் பிடிக்கல தம்பி. ஆளுக வழுக்கக் கூடாதுன்னு நான்தான் குழிகுழியாக் கொத்திவிட்டேன். பாசி குழிக்குள்ள ஒட்டிக்கிருச்சு, நாரு அங்க எட்டல. மொதல்ல விழுந்தது என் மக. பொணமாத்தான் தூக்குனோம்.”

நீருக்குள் கைவிட்டு அடுத்த படியைத் தடவினார்.

“கோடையில தண்ணி வத்தும். கீழ கொத்துன படியெல்லாம் வெளிய வரும். ஆளுக அதுலயும் மிதிப்பாக.”

குடத்துடன் ஒருத்தி இறங்கி வந்தாள். அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேலேறிப் போகும்வரை நானும் கண்ணை எடுக்கவில்லை.