தம் நிற்காத மாதங்கள்

கடலுக்கு அடியில் புல் நடும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதற்கு முன் ஒன்பது வருடம் இறால் கம்பெனியில் தோல் உரித்தேன். ஐஸ் தண்ணீரில் கை விறைத்து, நின்று நின்று கால் வீங்கி, ஒருநாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

புல் வேலை தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தீவுப் பக்கம். கடல்புல் அழிந்துபோன இடத்தில் மறுபடி நட்டால் மீன் வந்து தங்கும் என்று ஒரு திட்டம். நாங்கள் எட்டுப் பெண்கள் படகில் உட்கார்ந்து மூங்கில் சட்டங்களில் புல்லைச் சணல் கயிற்றால் கட்டிக் கொடுப்போம். முக்குளிப்பவர்கள் அவற்றைக் கீழே கொண்டுபோய், அங்கே அறைந்திருக்கும் முளைகளில் கட்டிவிட்டு வருவார்கள். வெயிலில் குனிந்தே இருப்பதால் நான்கு மணிக்கு மேல் இடுப்பு என்னுடையதாக இருக்காது.

முக்குளிக்க ஒரு ஆள் குறைந்தபோது, "நான் வாரேன்" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊரில் பிறந்தவள், நீச்சல் தெரியும். ஆனால் ஆசை நீச்சலுக்காக இல்லை. தண்ணீருக்குக் கீழே போனால் ஒரு நிமிடமாவது யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அதை வெளியே சொல்லவில்லை.

படகுக்குப் பொறுப்பான அண்ணாச்சி முன்பு சங்கு குளித்தவர். தீவோரம் மார்பளவு தண்ணீரில் என்னை முகம் கவிழ்ந்து மிதக்கச் சொல்லி போனில் நேரம் பார்த்தார். தலையைத் தூக்கியபோது, "இருவத்திரெண்டு செகண்ட்" என்றார். "கீழ போயி நாலு முடிச்சு போட்டு வரணும்னா ஒரு நிமிசமாவது தம் நிக்கணும். பழகு. ஆனா ஒண்ணு, தனியா தண்ணிக்குள்ள பழகக்கூடாது. மேல ஒரு ஆள் பாத்துக்கிட்டே நிக்கணும்."

வீட்டில் தரையில் படுத்துப் பழகினேன். வயிறு எழும்ப மெதுவாக மூச்சை இழுத்து, அடக்கி, விட்டு, இரண்டு நிமிடம் சும்மா கிடந்து, மறுபடியும். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் இரண்டு தடவை முடியும். வீட்டுக்காரர் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏளா, என்ன செய்யுத?"

பொறு என்று கையைக் காட்டினேன். இருபத்தெட்டில் மூச்சு உடைந்தது.

"பயந்துட்டேன்லா" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தார். அன்று குக்கரில் எத்தனை விசில் போனதோ, சோறு குழைந்திருந்தது.

பஸ்ஸில் போகும்போதும் பழகினேன். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை அடக்கலாம் என்று கண்ணை மூடுவேன். பாதி நாள் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுவேன். இரண்டு மாதம் போயும் முப்பதைத் தாண்டவில்லை. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடத்தது. வயசு என்று நினைத்துக்கொண்டேன். எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து புல் கட்டுகிறவள் மணப்பாட்டுக்காரி. கடற்கரையிலேயே பிறந்தவள், நீச்சல் தெரியாது. அவளைக் காவலுக்கு நிறுத்திக்கொண்டு ஒரு மத்தியானம் தீவோரம் இறங்கினேன். முப்பதைத் தாண்டியே தீரவேண்டும் என்று வெறி. வேகவேகமாக இருபது தடவை மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பிறகு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். முதலில் சுகமாக இருந்தது. மணல் வரிவரியாகத் தெரிந்தது. பார்வையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நினைவு வந்தபோது அவள் என் கொண்டையைப் பிடித்துத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏளா! ஏளா, கண்ண முழி! மாதாவே!"

அண்ணாச்சி ஓடி வந்தார். என் முகத்தை, பிறகு உதட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்பிடி வேகமா இழுத்தா ஒடம்பு ஏமாந்துரும், மூச்சு முட்டுறதே தெரியாது. இனிமே அத செய்யாத" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ரெண்டு மாசம் பழகியும் தம் ஏறலன்னா வேற என்னமோ இருக்கு. நாளைக்கு வேலைக்கு வராத. டாக்டரப் பாரு."

டாக்டரம்மா என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். மாதாந்திரப் போக்கு பற்றிக் கேட்டார். பத்து நாள் போகும் என்று சொன்னேன்.

"எவ்வளவு நாளா இந்த அசதி?"

"இல்லாம இருந்தது எப்பன்னு தெரியல டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் ஏழரை என்று வந்தது, பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். இந்தப் பாதி ரத்தத்தை வைத்துக்கொண்டா கடலுக்குள் தம் கட்டப் போனீர்கள் என்று கேட்டார். போக்குக்குத் தனியாக மருந்து, அதோடு இரும்புச்சத்து மாத்திரை. மூன்று மாதத்துக்குத் தண்ணீரில் இறங்கக்கூடாது. வெளியே வந்து மருந்துக்கடை பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடமும் என் குணம் என்று நான் நினைத்திருந்த ஒன்றுக்கு மாத்திரை கொடுத்துவிட்டார்கள். சந்தோஷப்படவும் தெம்பில்லை.

மணப்பாட்டுக்காரியிடம் சொன்னதும், "ஏழரையா? சனியன் ரத்தத்துலயே ஏறிட்டானா?" என்று சிரித்தாள். பிறகு என் பங்குச் சட்டத்தையும் அவளே கட்டி முடித்தாள்.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. முருங்கைக்கீரையைப் பார்த்தாலே வெறுத்தது. ஆனால் இரண்டாவது மாதம் ஒருநாள் மாடிக்குத் துணி கொண்டுபோய்க் காயப்போட்டுவிட்டு இறங்கிய பிறகுதான், நடுவில் எங்கேயும் நிற்கவில்லை என்று உறைத்தது. தரையில் படுத்துப் பார்த்தேன். நாற்பது. சில வாரங்களில் ஐம்பத்தைந்து. புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை, அதே மூச்சுதான்.

டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு அண்ணாச்சி ஆழத்தில் இறக்கினார். இரண்டு ஆள் உயர ஆழம். முதல் நாள் இரண்டு முடிச்சில் மேலே வந்தேன். பத்தாம் நாள் நான்கும் போட்டேன். கீழே அமைதி என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. இறால் மாதிரி ஏதோ பொரிகிற சத்தம், தூரத்தில் கப்பலின் எஞ்சின் உறுமல். ஆனால் என்னைக் கூப்பிடுகிற குரல் எதுவும் இல்லை.

அந்த வருடம் அடித்த வாடைக்காற்றில் நட்டதில் பாதிச் சட்டம் பெயர்ந்துபோனது. மறுபடி நட்டோம். இப்போதும் சாயங்காலம் அசதியாகத்தான் இருக்கிறது. காதில் உப்புத்தண்ணீர், தோளில் வலி. போன வாரம் மணப்பாட்டுக்காரி என்னிடம் வந்து தன் கீழிமையை இழுத்துக் காட்டினாள்.

"எனக்கும் வெளுத்தாப்புல இருக்கா, பாரு."

வெளுத்துத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.