தேர்வு அறையில் ஒரு மஞ்சள் பை

"…போன்னா போகணும், வான்னா வரணுமா? விசிலுக்கு நிக்கிறதுக்கும் கெளம்புறதுக்கும் நான் என்ன டவுன் பஸ்ஸா? நீ போயிக் கேட்டுட்டு வா தம்பி. நான் இங்கனயே உக்காந்திருக்கேன்" என்றாள் என் அக்கா.

அல்லிநகரத்தில் என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து இதைச் சொன்னாள். மாடி அறைக்குள் அவள் மகள், மாவுக்கட்டுப் போட்ட காலைக் கட்டிலில் நீட்டியபடி, லேப்டாப்புக்கு முன்னால் காத்திருந்தாள். டென்மார்க்கில் இரண்டு பேர் அவள் தேறினாளா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஏன் இப்படி முறுக்கிக்கொண்டாள் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அக்கா வாழ்க்கைப்பட்டது காமயகவுண்டன்பட்டியில். மச்சானுக்கு அங்கே திராட்சைத் தோட்டம். நான் அல்லிநகரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அதன் பிறகு படித்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் வாயைப் பார்த்துத்தான். ஒருவர் ஒரு வார்த்தையை ருசியாகச் சொல்லிவிட்டால் அது எனக்குள் தங்கிவிடும். அப்படித் தங்கியவற்றில் பாதிக்கு மேல் அக்கா சொன்னவை.

மகள் காற்றாலைப் படிப்புக்கு டென்மார்க் போகிறேன் என்றபோது அக்கா சொன்னாள்: "காத்தாடியப் பாக்கவா அம்புட்டுத் தூரம்? ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையா நிக்கிதே. பஸ்ஸு சன்னல் வழியாவே படிச்சிட்டு வந்துரலாமே." மகள் போய்விட்டாள். அங்கே போன முதல் குளிர்காலத்தில், மத்தியானம் காப்பி குடிக்கும் நேரத்துக்கே இருட்டிவிடுகிறது என்று போனில் சொன்னாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சூரியனே அங்கன அரை நாள் கூலிக்குத்தான் வருது போல" என்றாள்.

அங்கே பட்ட பாடுகளைப் பிள்ளை என்னிடம்தான் அதிகம் சொல்வாள். அம்மாவிடம் சொன்னால் அது காமயகவுண்டன்பட்டி முழுக்கப் போய்விடும். முதல் நாள் வகுப்புக்குள் ஆசிரியை நுழைந்ததும், நம் ஊர் வழக்கப்படி இவள் எழுந்து நின்றிருக்கிறாள். மற்ற யாரும் அசையவில்லை. இவள் வெளியே போகத்தான் எழுந்தாள் என்று நினைத்த அந்த அம்மா, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "அந்தம்மா கைய எடுக்கவே இல்ல மாமா. வேற வழியில்லாம நான் வெளிய போயிட்டு வந்தேன்."

அங்கே ஆசிரியரை சார், மேடம் என்று சொல்லக்கூடாது. வெறும் பெயர்தான். இவளுக்கு வாய் வரவில்லை. ரொம்ப நாள் அந்த அம்மாவைக் கூப்பிடாமலே சமாளித்திருக்கிறாள். சந்தேகம் கேட்க வேண்டுமானால் அவர் தன் பக்கம் திரும்பும்வரை முதுகுக்குப் பின்னால் நிற்பாளாம். அப்புறம் அங்கே எல்லாமே குழுவாகச் செய்கிற வேலை. கூட இருக்கிற பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்பார்கள். "இத்தன வருசம் படிச்சேன், ஒருத்தரும் என்னைய அப்படிக் கேட்டதில்ல மாமா. கேட்டதும் அழுக வந்துருச்சு" என்றாள். அதை மட்டும் நான் சிரிக்காமல் கேட்டேன்.

மார்க்குப் போடுவதும் அங்கே வேறு மாதிரி. மேலே பன்னிரண்டு, கீழே போனால் மைனஸ் மூன்று. மச்சானுக்கு இது தாங்கவில்லை. "ஒண்ணும் எழுதாம பேப்பரக் குடுத்ததுக்கே எங்க வாத்தியாரு முட்டதான் போட்டாரு. முட்டைக்கும் கீழ குழி தோண்டி வச்சிருக்கானுகளா?"

படிப்பின் கடைசிக் கட்டம், ஆய்வுப் புத்தகம் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி வாயால் பதில் சொல்கிற தேர்வு. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, தேர்வுக்கு முன்னால் ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஊருக்கு வந்தவள், தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் தடுக்கி விழுந்து கணுக்காலை ஒடித்துக்கொண்டாள். தேனி டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்தில் கேட்டதற்கு, வீடியோவிலேயே தேர்வை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதில் தேறாவிட்டால் அவ்வளவுதான். விசா முடிகிறது, மறுபடி போய்ப் படிக்க வழியில்லை. இரண்டு வருஷப் படிப்பும் பட்டம் இல்லாமல் நின்றுவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா மட்டும் காலையிலிருந்து, "தேறலன்னா என்ன, நம்ம வீட்டுல இல்லாத சோறா?" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

காமயகவுண்டன்பட்டியில் நெட் இஷ்டப்பட்டால் வரும். என் வீட்டில் ஃபைபர் நெட்டும் இன்வெர்ட்டரும் இருப்பதால், தேர்வு என் மாடி அறையில் என்று முடிவானது. பிள்ளையை முதல் நாளே காரில் கூட்டி வந்துவிட்டோம். தேர்வு மத்தியானம் இரண்டு மணிக்கு. அன்று அக்காவும் மச்சானும் மச்சானின் தங்கையும் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவருக்கு ஆபரேஷன் என்றாலும், பத்திரம் பதிய ஆபீஸுக்குப் போனாலும், சொந்தக்காரர்கள் கூடப் போய் உட்காருவார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு வேலையும் இருக்காது. உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். அதற்குப் பெயர் துணை. அதோடு, டென்மார்க்கில் சிநேகிதி ஒருத்தியின் தேர்வு முடிந்த அன்று கூட்டாளிகளெல்லாம் சின்னச் சின்னக் கொடியோடு கதவுக்கு வெளியே காத்து நின்றதை மகள் எப்போதோ சொல்லியிருந்தாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "அங்கனயும் ஆளுக வந்து நிக்கத்தான செய்றாக." வெளியே என்ற வார்த்தை மட்டும் அவள் காதில் விழவில்லை.

"யாரும் பேசக்கூடாது" என்று மகள் சொன்னதற்கு, "மூச்சுகூட விட மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, லேப்டாப்புக்குப் பின்பக்கம் சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மகள் என்னிடம் மெதுவாக, "மாமா, ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். சரி என்றேன். எனக்கு டென்மார்க்காரர்களைத் தெரியாது. நமக்கு இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவது. அவர்கள் அதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். நான் இன்வெர்ட்டர் வயரை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே திரையில் இரண்டு முகங்கள் வந்துவிட்டன. ஒன்று அவளுடைய ஆசிரியை, நரைத்த தலை. இன்னொன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர்.

மகள் சிரித்து, வணக்கம் சொல்லி, ஆசிரியையைப் பெயர் சொல்லி அழைத்தாள். இரண்டு வருஷத்தில் பழகிவிட்டாள் போலிருக்கிறது.

"ஏய், வாத்தியாரம்மாவப் பேரச் சொல்லியா கூப்புடுற?" என்றது லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல்.

கண்ணாடிக்காரர் ஏதோ கேட்டார். "ரூமச் சுத்திக் காட்டச் சொல்றாக" என்று மகள் எங்களிடம் சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கி மெதுவாகத் திருப்பினாள். முதலில் ஜன்னல் வந்தது. பிறகு காலண்டர். பிறகு குடும்பப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி மூன்று பேர். கேமரா தன் பக்கம் வந்ததும் மச்சான் எழுந்து, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு வணக்கம் வைத்தார். அவர் தங்கையும் அக்காவும் எழுந்து வணக்கம் வைத்தார்கள். வரிசையின் கடைசியில் நான். கூப்பிய கைகளுக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவர்.

அக்கா நேராக லேப்டாப்பிடமே பேசினாள். "நாங்க இவளுக்குப் பதில் சொல்லிக் குடுக்க உக்காரல தாயி. இவ படிச்சது எங்க யாருக்கும் தெரியாது. துணைக்கு இருக்கோம், அம்புட்டுத்தான்."

மகள் மொழிபெயர்த்தாள். ஆசிரியை சிரித்துவிட்டார். தங்கள் ஊரிலும் வேண்டியவர்கள் வருவார்கள், ஆனால் கதவுக்கு வெளியே நிற்பார்கள்; உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்பது விதி; முடிந்ததும் அவர்களைக் கூப்பிடு, முடிவை எல்லோருமாகக் கேட்கலாம் என்றார்.

"அவுக ரெண்டு பேரு, இவ ஒருத்தி. அதுலயும் காலு ஒடிஞ்சவ. இது எந்த ஊரு நியாயம்?"

"யம்மா, போம்மா."

அம்மா என்ன சொன்னார் என்று கண்ணாடிக்காரர் கேட்டார். மகள் வேறு வழியில்லாமல் அதையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நியாயம்தான், ஆனாலும் விதி என்றார்.

அக்கா நகர்ந்தாள். நகர்வதற்கு முன், தன் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதன் மேல் தன் மஞ்சள் பையை வைத்தாள். தேனி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்போமே, அதே மாதிரி. "இதாவது இருக்கட்டும்" என்றாள்.

அந்தப் பையையும் திறந்து காட்டச் சொன்னார்களாம். தோட்டத்துப் பன்னீர் திராட்சை இரண்டு கொத்து, முறுக்கு, தைலம், திருநீற்றுப் பொட்டலம். பொட்டலத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறார் கண்ணாடிக்காரர். "அன்னைக்கு யோசிக்காமப் பதில் சொன்னது அந்த ஒரு கேள்விக்குத்தான் மாமா" என்று மகள் பிற்பாடு சொன்னாள்.

வெளியே மச்சான் கதவில் காதை வைத்து எங்களுக்கு வர்ணனை சொன்னார். "பேசுறா… அந்தாளு கேக்கான்… பேசுறா… நல்லாப் பேசுறா." பிறகு காதை இன்னும் அழுத்தி வைத்தார். உள்ளே சத்தமே இல்லை.

"ஏன் பேச மாட்டேங்கா?" என்றாள் அக்கா.

"யோசிக்கிறா போல" என்றார் மச்சான்.

"யோசிக்கத்தான ரெண்டு வருசம் குடுத்தாக. இப்ப எதுக்கு யோசிக்கா?"

சோற்றைப் பற்றிய பேச்சு அக்காவிடமிருந்து அதற்குப் பிறகு வரவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "பேசுறா" என்றார் மச்சான். பிறகு ஒரு வழியாக உள்ளிருந்து மகளின் குரல் கேட்டது.

"முடிஞ்சிருச்சு. அவுக மார்க்கு முடிவு பண்றப்ப நான்தான் வெளிய நிக்கணும். காலு இப்படி இருக்குன்னு அவுகளே வெளிய போயிட்டாக. வந்து சொல்லுவாக. எல்லாரும் உள்ள வாங்க."

மச்சானும் அவர் தங்கையும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே ஓடினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அந்த டவுன் பஸ் பேச்சு. உள்ளே இருக்க அவ்வளவு மல்லுக்கட்டியவள், கதவு திறந்ததும் படியை விட்டு அசையவில்லை. கோபம் மாதிரிதான் பேசினாள். ஆனால் விரலில் சுற்றிய முந்தானையை அவள் அவிழ்க்கவே இல்லை. நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"யம்மா, வந்துட்டாக" என்றாள் மகள் உள்ளிருந்து.

அக்கா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் அந்த அம்மா, அக்கா உட்கார்ந்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"பத்து" என்றாள் மகள்.

"பாஸா?" என்றார் மச்சான்.

"பாஸுப்பா. நல்ல மார்க்குப்பா."

அக்கா திரையைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு அந்த இரண்டு கொத்துத் திராட்சையையும் எடுத்து, கட்டிலில் லேப்டாப்புக்கு முன்னால், வாத்தியாரம்மா முகத்துக்கு நேராக ஒன்றும் கண்ணாடிக்காரர் முகத்துக்கு நேராக ஒன்றுமாக வைத்தாள்.