பனி மூடாத பாத்தி

இந்தக் குளிர் நாட்டில், லவால் நகரத்தில் எங்கட வீட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கறிப் பாத்தி இருக்கு. வீடு வாங்கின காலம் வெறும் களிமண். மண்வெட்டி இறங்காது. தேத்தண்ணிச் சக்கை, மரக்கறித் தோல், காய்ஞ்ச இலை எண்டு வருசக்கணக்காய்ப் போட்டு அதை மண்ணாக்கினது நான். பிறகுதான் மண்புழு வந்தது. வந்த பிறகு நான் கொத்தத் தேவையில்லை. அதுகளே கொத்தும்.

என்ர மனுசனுக்கு வீட்டைச் சுத்தின வளவு கூட்டித் துடைச்ச மாதிரி இருக்க வேணும். அந்த முறை குளிர் தொடங்க முதல், நான் பாத்தியில் பரப்பி வைச்ச மேப்பிள் இலை முழுக்க வாரிப் பையில் கட்டி றோட்டுக்கரையில் வைச்சிட்டார். நான் வேலையால் வர முதல் குப்பை லொறி அள்ளிக்கொண்டு போயிட்டுது.

"ஏன் அள்ளினீங்கள்?"

"உதென்ன வளவோ, காடோ? பக்கத்து வீட்டான் பாக்கிறான்."

"புழுவுக்கு அது போர்வை."

"அப்ப தலகாணியும் வேணுமோ எண்டு கேளும்."

அவர் சிரிச்சார். நான் சிரிக்கேல்லை.

சரி, பனி கொட்டி மூடும் எண்டு இருந்தன். பனி தடிப்பாய்க் கிடந்தால் கீழே மண் அவ்வளவு இறுகாது. அந்த வருசம் பார்த்து அது கொட்டேல்லை. தை மாதம் மழை பெய்தது. மழை விட்ட கையோட கொல்லுற குளிர். மண்ணுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஐஸ். புழுவுக்கு மூச்சுப் போக வழியில்லை. ஒரு பழைய கம்பளியைக் கொண்டு போய் விரிச்சன். அதுவும் ஐஸோட ஒட்டிப்போச்சுது.

வேலைக்குப் போக முதல் ஜன்னலால் பார்ப்பன். பார்த்து என்ன செய்யிறது.

குளிர் விட்டு மண் இளகின பிறகு கிண்டினன். கட்டி கட்டியாய் வந்தது. புழு இல்லை. இன்னும் ஆழமாய் வெட்டினன். வெளுத்துப்போய் நூல் மாதிரி ரண்டு மூண்டு கிடந்தது. தொட்டால் அசையேல்லை.

மனுசன் வந்து பக்கத்தில் நிண்டார்.

"பிறகு புழு வரும்தானே."

"எங்கயிருந்து?"

ஒரு மண் கட்டியைக் காலால் மிதிச்சு உடைச்சார்.

"கடையில நல்ல மண் பையில விக்கிறான். வாங்கியாறன்."

"அதில உயிர் இல்லை."

"அப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. அதைத்தான் கேக்கிறன்."

அவர் உள்ளே போனார். நான் கிண்டின குழியை மூடினன். அந்த வருசம் மிளகாய்க் கண்டுகளைப் பூச்சாடியில்தான் வைச்சன். காய்ச்சுது. பாத்தி வெறுமையாய்க் கிடக்க, எனக்குக் காயைப் பிடுங்க மனம் வரேல்லை. அவர்தான் பிடுங்கினார்.