டேங்க் மூடியில் அப்பிய சந்தனம்

இன்று வேளச்சேரி வீட்டில், ஆயுத பூஜைக்காக ஸ்கூட்டரில் சந்தனம் தடவும்போது பெட்ரோல் வாசனையும் கூடவே வர, கடல் கொண்டுபோய்விட்ட எங்கள் பட்டினப்பாக்கத்துத் தெரு அப்படியே மூக்கில் ஏறியது.

அங்கே ஒரு வருஷம் பூஜைக்கு மறுநாள் காலை, மற்ற படகுகளெல்லாம் வஞ்சிரம் தேடிப் போய்விட, அலையில் ஆடிக்கொண்டிருந்த எங்கள் படகில் அப்பா மட்டும் இன்ஜின் கயிற்றை இழுத்து இழுத்து நின்றார். அது இருமும், அடங்கும், பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாலும் மறுபடி இருமும், அடங்கும்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற அம்மா, "இன்னாய்யா, மூச்சு முட்டுற மாதிரியே கீது" என்றாள். சொன்னவள் சட்டென்று டேங்க் மூடியைப் பார்த்தாள். காற்றுப் போகிற சின்ன ஓட்டையின் மேல், முந்தின நாள் அவளே அப்பிய சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. கொண்டை ஊசியால் குத்தி எடுத்தாள்.

"பூஜ போட்டே கொன்னுட்டியேமே" என்று அப்பா சிரித்தபடி இழுத்தார்.

ஒரே இழுப்பு. அந்தச் சத்தத்துக்குத் தெருவே கரைக்கு ஓடி வந்தது.

அடுத்த வருஷமும் அம்மா சந்தனத்தைக் குறைக்கவில்லை. மூடிக்குரிய பங்கையும் சேர்த்து அப்பாவின் நெற்றியில் அப்பினாள்.