வடவம் கடல் தாண்டியது

எங்கள் வடவத்தைக் குறை சொல்கிறவர்களிடம் நான் பொறுமையாகப் பேசியதே கிடையாது. நேராகச் சண்டைதான். இந்தக் குணத்தால் உறவில் ஒன்றிரண்டு கல்யாணப் பத்திரிகைகள் எனக்கு வராமலே போயிருக்கின்றன. போனால் போகட்டும்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் தவளக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நானும், என் கொழுந்தனாரின் மனைவியான ஓரகத்தியும், தெருவில் இன்னும் சில பெண்களும் சேர்ந்து தாளிப்பு வடவம் போடுகிறோம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகு, சீரகம், வெந்தயம், உளுந்து, மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் கலந்து உருட்டிக் காயவைக்க வேண்டும். மறுநாள் உதிர்த்துப் பிசைந்து மறுபடி உருட்ட வேண்டும். குழம்பை இறக்கும் நேரத்தில் காய்ந்த எண்ணெயில் ஓர் உருண்டையை உதிர்த்துப் போட்டால் தெருமுனை வரைக்கும் மணக்கும். சித்திரை வெயில் போய்விட்டால் அந்த வருஷத்துக்கு வடவம் போடுவது முடிந்தது.

டவுனில், பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் டப்பா டப்பாவாக வாங்கிப்போவார்கள். பாரிஸ் வரை போகிற சரக்கு பக்கத்தில் இருக்கிற இலங்கைக்குப் போகவில்லையே என்பது எனக்கு ஒரு குறை. அந்தக் குறையைத் தீர்க்க ஒருவர் தானாகவே வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர். உறவினர் ஒருவரின் வைத்தியத்துக்காகப் புதுச்சேரி வந்தவர், எங்களிடம் ஒரு கிலோ வடவம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அது தீர்ந்ததும் போன் செய்து, கடைக்கு மொத்தமாக வேண்டும் என்றார்.

அந்தச் சித்திரை முழுக்க நாங்கள் வேறு யாருக்கும் வடவம் தரவில்லை. வழக்கமாக வாங்குகிற டவுன் கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். கூடத்தில் பெட்டிகள் உத்தரம் வரை ஏறின. இலங்கைக்குப் போகிற சரக்காயிற்றே என்று லேபிளில் சேர்மானம் எல்லாவற்றையும் ஒழுங்காக அச்சடித்து, யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, இதில விளக்கெண்ணெய் எண்டு போட்டிருக்கு. உண்மையாவே போடுறனீங்களோ?"

"அது இல்லாம எப்பிடிங்க வடவம்?" என்றேன்.

"அது பேதிக்குக் குடுக்கிறதெல்லோ. ஆர் வாங்குவினம்? சரக்கை அனுப்பாதேங்கோ."

வடவத்தை விளக்கெண்ணெய் விட்டுத்தான் பிசைவோம். அதுதான் வருஷம் முழுக்க அதைக் கெடாமல் காக்கிறது. குழம்பில் தண்ணீர் இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? அப்படித்தான், விளக்கெண்ணெய் விடுகிறோம் என்று அவரிடம் முன்பே சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிற டவுன் ஏஜெண்ட் சுலபமாக வழி சொன்னார். "சூரியகாந்தி எண்ணெய்னு வேற லேபிள் ஒட்டிடுங்க மேடம். யாருக்குத் தெரியப்போவுது?"

"திங்கிற பொருள்ல பொய் எழுதமாட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். வந்துவிட்டேனே தவிர, வேறு வழி எனக்கும் தெரியவில்லை. வேறு எண்ணெயில் புதிதாகப் போடலாம் என்றால் வெயில் காலம் போய்விட்டது. டவுன் கடைக்காரர்களும் அதற்குள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் வேண்டாமென்றால் பெட்டிகள் எங்கள் தலையில்தான். ஓரகத்தி பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, "என்னாக்கா பண்ணப்போறோம்?" என்றாள். அவள் வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி இதில் இறங்கியவள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"நான் போயி அவுரு கண்ணு முன்னாடி சமைச்சிக் காட்டிட்டு வரேன்" என்றேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடலில் குமட்டியதை இதுவரை வீட்டில் சொல்லவில்லை. காங்கேசன்துறையில் சுங்க அதிகாரி பையைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனார். "சாம்பிள்" என்றேன். சீக்கிரமே விட்டுவிட்டார்.

கடையில் அவரும் அவர் மனைவியும் என்னை மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். மறுக்கப்போகிறவர்களின் மரியாதை அது, எனக்குத் தெரியாதா? நான் தேநீரைப் பாதியில் வைத்தேன்.

"ஒரு கிலோ வாங்கினீங்களே, யாரு சாப்ட்டது?"

"நாங்கள்தான்" என்றார்.

"வவுத்தால போச்சா?"

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை. ஆனா சனம் லேபிளைப் பாத்தா வாங்காதுகள் அக்கா."

"அப்ப சனத்துக்கிட்டயே கேட்டுடுவோம். குசினி எங்க?"

கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடும் சமையலறையும். அவர்கள் வாங்கிவைத்திருந்த விளைமீன், அவர்கள் ஊர்க் கறித்தூள், அவர்கள் வழக்கப்படி தேங்காய்ப்பால். குழம்பு முழுக்க அவர்களுடையது, தாளிப்பு மட்டும் என்னுடையது. வடவத்தை எண்ணெயில் போட்டேன். அது படபடவென்று பொரிந்து சிவந்ததும் குழம்பில் கொட்டினேன். கடையில் அரிசி நிறுக்கச் சொல்லிவிட்டு நின்ற ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

குழம்புச் சட்டியைக் கடை மேசைக்கே கொண்டுவந்து வைத்தேன். பக்கத்திலேயே லேபிளோடு ஒரு பாக்கெட். வருகிறவர்களிடம் எல்லாம் முதலில் அதைத்தான் சொன்னேன்: "இதுல வெளக்கெண்ணெ இருக்குது. தெரிஞ்சே சாப்புடுங்க." கடைக்காரருக்கு வியர்த்தது. ஒருவர் கரண்டியை வாங்கி யோசித்தார், என் முகத்தைப் பார்த்தார். பயந்துதான் சாப்பிட்டார் என்று நினைக்கிறேன். சாப்பிட்டவர் போகவில்லை. கடையில் இருந்த பாணை, நம் ஊர் ரொட்டிதான், ஒரு இறாத்தல் வாங்கிப் பிய்த்துச் சட்டியிலேயே தோய்த்தார். மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் சைக்கிளை நிறுத்தி, ருசி பார்க்காமலே, "எனக்கு ரெண்டு பைக்கற் தாங்கோ, கறி வைக்க நேரமாகுது" என்றார். நான் கொண்டுபோன பாக்கெட்டுகள் சட்டி காலியாகும் முன்பே தீர்ந்தன. கேட்டு வந்தவர்கள் இன்னும் நின்றார்கள்.

மளிகைக்கடைக்காரர் ஒரு அட்டையை எடுத்து, விளக்கெண்ணெயில் பிசைந்த புதுச்சேரி வடவம் விரைவில் வரும் என்று தன் கையாலேயே எழுதி வாசலில் தொங்கவிட்டார். வீட்டில் சண்டைக்காரி என்று பேர் வாங்கிய நான் அந்நிய ஊர்க் கடை வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கமாக இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஓரகத்திக்குப் போன் போட்டேன்.

"லாரிக்குச் சொல்லு. லேபிள்ல ஒரு எழுத்தக்கூட மாத்தாத."

அவள் போனைக்கூட வைக்கவில்லை. கூடத்திலிருந்து பெட்டிகளை இழுக்கிற சத்தம் யாழ்ப்பாணம் வரைக்கும் கேட்டது.