ஹாஜியாரின் ஜனாஸாவில் மச்சான் சொன்னது

இலங்கையின் கிழக்கில் எங்கள் ஊரான ஓட்டமாவடியில் ஜனாஸாத் தொழுகை தொடங்குவதற்கு முன் இறந்தவரின் மகனோ சகோதரனோ எழுந்து ஓர் அறிவிப்புச் செய்வார். மௌத்தானவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்பார். கடனோடு போகிறவரின் ஆன்மா அந்தக் கடன் தீரும்வரை தொங்கி நிற்கும் என்பது எங்கள் நம்பிக்கை. பள்ளிவாசலில் யாரும் பதில் சொல்வதில்லை. சொல்ல இருப்பவர்கள் பிறகு வீட்டுக்குப் போவார்கள். ஒருவர் மட்டும் அங்கேயே பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அவர் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர்.

மச்சானுக்கு மீன்பிடி. சுனாமி அவருடைய தோணியை உடைத்துப் போட்டது. எஞ்சினைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தோம், அது பிறகு இயங்கவே இல்லை. தோணி தருவதாகச் சொன்னவர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்று நான்தான் செய்தி கொண்டுபோனேன்.

“கொஞ்சமாத் திண்டா பண்டி இறைச்சி ஹலாலாகுமா மச்சான்?” என்று அவர் என்னைக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியில் மீன் முதலாளி ஒருவர் கொடுத்தார். ஊரில் அவரை ஹாஜியார் என்போம். புதுத் தோணிக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் போதுமான காசு. எழுத்து இல்லை, ஈடு இல்லை. “ஒரு சதம் வட்டி வாணாம். ஏலுமான நேரம் முதலத் தா. மீன மட்டும் என்ட வாடிக்குப் போடு” என்றார். வாடி என்பது கரையில் மீன் நிறுத்து வாங்கும் அவருடைய கொட்டில். அங்கே கடன்பட்டவர்களின் மீனுக்கு மற்றவர்களைவிடக் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவு. எல்லா வாடியிலும் அதுதான் வழக்கம். அதை யாரும் வட்டி என்று சொன்னதில்லை.

யுத்தம் நடந்த காலத்தில் அந்த இருபது ரூபாய் உறைக்கவுமில்லை. கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, வழியெல்லாம் சோதனைச் சாவடி. வேறு யார் வந்து வாங்கப் போகிறார்கள்? யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் பொலன்னறுவைப் பக்கமிருந்து ஐஸ் பெட்டிகளோடு லொறிகள் வந்தன. பக்கத்துத் தோணிக்காரர்கள் லொறிக்குக் கொடுத்து நல்ல விலை எடுத்தார்கள். மச்சானின் மீன் வாடிக்குத்தான் போனது. வித்தியாசம் இப்போது இருபது ரூபாயைத் தாண்டியிருந்தது.

“இது வட்டி இல்லாட்டி வேற என்னங்க?” என்று முதலில் கேட்டது ராத்தாதான்.

மச்சானும் நானும் மௌலவியிடம் போனோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கடன் குடுத்தவருக்கு அந்தக் கடனால லாபம் வரணும் எண்டு பேச்சிருந்தா அது வட்டிதான். காசா வந்தாலும் மீனா வந்தாலும் ஒண்டுதான். ஹாஜியார் தெரிஞ்சு செஞ்சிரிக்க மாட்டார். குறைச்சதக் கடன் முதல்ல இருந்து கழிக்கச் சொல்லிக் கேளுங்க.”

மச்சானுக்கு வாய் வரவில்லை. “அவர் தந்த தோணியில இருந்துக்கிட்டு அவரையே வட்டிக்காரன் எண்டு சொல்லவா?” நோன்பு முடியட்டும் என்றார். பிறகு பெருநாள் போகட்டும் என்றார். பெருநாள் முடிந்த கையோடு ஹாஜியார் மாரடைப்பில் மௌத்தானார்.

பள்ளிவாசலில் மகன் எழுந்து வழமையான அறிவிப்பைச் செய்தார். மச்சான் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். “தம்பி, ஹாஜியார்ட பக்கம் எனக்கு வரவேண்டியது என்ன இருந்தாலும் நான் ஹலாலாக்கிட்டன்” என்றார் சத்தமாக.

பின்வரிசையில் ஒருவர், “இவர்தானே அவருக்குக் குடுக்க இரிக்கி?” என்று கேட்டார்.

“கடன் எடுத்தவரு மன்னிக்கிறாராம்” என்றார் இன்னொருவர். இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மகன் மச்சான் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. மச்சானை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அழைப்பார். “காக்கா, வாப்பாட முதலையே இன்னும் தரல்ல. ஊருக்கு முன்னால அவர மன்னிக்கிறீங்களா? உங்கட வீட்டுல என்னத்தக் களவெடுத்தார்?”

திரைக்குப் பின்னாலிருந்து ராத்தா சொன்னாள்: “வட்டி எடுத்தார், தம்பி.”

“எங்கட வாப்பாவா? வங்கி வாசல்ல கூட ஏறாத மனிசன்!”

“என்னத்துக்கு ஏறணும்? தராசு வாடிக்குள்ளதானே இருந்திச்சு.”

பிறகு நான் நடந்ததைச் சொன்னேன். மகன் அப்படியே இறங்கிப் போனார். மௌலவியிடம் போயிருக்கிறார். மூன்றாம் நாள் குர்ஆன் ஓதிச் சாப்பாடு கொடுக்கும் கத்தமுக்கு எங்களை அழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். “குறைச்சது பிழைதான் காக்கா. அதக் கழிச்சா நீங்க தர ஒண்டும் மிச்சமில்ல” என்றார்.

“கழிக்க ஏலாது” என்றார் மச்சான். “அத நான் ஹலாலாக்கிட்டன். பள்ளியில வாப்பாட மையித்துக்கு முன்னால சொன்னத எடுக்கிறதா? முதல முழுசாத் தருவன்.”

உள்ளே ராத்தா ஒரு சட்டியைச் சத்தமாக வைத்தாள். “மன்னிக்கப் போனவர் முழுக் கடனையும் தூக்கிக்கிட்டு வந்திரிக்கார்!”

மகன் சிரித்துவிட்டார். “அப்ப முதல நானும் ஹலாலாக்கிறன்.”

“நீங்க மட்டுமா வாரிசு? உங்கட உம்மா இரிக்கா, ராத்தாமார் இரிக்காங்க. அவங்கட பங்க நீங்க எப்படி விடுவீங்க?” என்று மச்சான் கேட்டார்.

கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மீன் வாடிக்கே வரும், விலை லொறி விலை. அதில் ஒரு பகுதியை மச்சான் முதலுக்குக் கட்டுவார். மற்றக் கடன்காரர்களின் மீனுக்கும் மகன் அதே விலையைப் போட்டார். பக்கத்து வாடிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் பழைய வழக்கத்தை விடவுமில்லை.

மச்சான் தன் மௌத்துக்கு முன் இதைத் தீர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தீர்த்தார். கடைசிப் பணத்தைக் கொடுத்த காலை நானும் வாடியில் இருந்தேன். பாதையில் லொறி ஹோர்ன் அடித்தது. தோணியில் பாதிக்கு மேல் சூடை மீன் கிடந்தது.

“இனி லொறிக்காரனுக்கா காக்கா?” என்று மகன் கேட்டார்.

மச்சான் கூடையைத் தூக்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார், தராசில் வைக்கவில்லை. “முதல்ல விலையச் சொல்லுங்க தம்பி” என்றார்.